கூண்டுக்குப் பக்கத்தில் கத்தரி எதற்கு?

கூண்டுப் பறவைக்கு இறகு உதிர ஆரம்பித்ததும் நம் வீடுகளில் முதலில் தேடுவது மருந்தைத்தான். கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் ஒரு பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். தண்ணீரில் கலந்து வையுங்கள், நாலைந்து நாளில் நின்றுவிடும் என்பார். அந்தக் காகிதத்தின் மேல் மருந்தின் பெயர் இருக்காது, அளவு இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. செகந்திராபாத் மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய எங்கள் தெருவில் மழைக்காலம்தோறும் இது நடக்கிறது. முப்பது, நாற்பது கிராம் எடையே உள்ள ஓர் உயிர் தன் உடம்பின் மேல்போர்வை முழுவதையும் புதிதாக நெய்துகொள்ளும் நேரம் அது. அப்போது அதற்கு வேண்டியது நல்ல சாப்பாடு, இருட்டு, அமைதி. நாமோ நோயாளிப் பட்டம் கட்டி மருந்து ஊற்றுகிறோம். அதோடு நிற்காமல் இறக்கையை நறுக்கக் கத்தரியையும் எடுக்கிறோம். இரண்டையும் நிறுத்த வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரயில்வே பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து இங்கேயே தங்கிவிட்டார். அப்படி வந்து வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு வேப்பமரத்துக்கு வந்து போகும் பச்சைக்கிளிக் கூட்டம்தான் பறவைப் பாடம். வீட்டில் இப்போது ஒரு ஜோடி பட்ஜி இருக்கிறது; கடையில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பார்களே, அதுதான். கொண்டை வைத்த காக்கட்டீல் ஒன்றும் இருக்கிறது. எல்லாமே மாற்றலாகிப் போன குடும்பங்கள் விட்டுப்போனவை. ரயில்வே உத்தியோகத்தில் மனிதருக்கு பாஸ் உண்டு, கூண்டுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

இறகு என்பது நம் நகத்தையும் முடியையும் போல கெராட்டினால் ஆனது. வளர்ந்து முடிந்ததும் அதற்குள் ரத்தமும் இல்லை, உயிரும் இல்லை. வெயிலில் வெளுக்கும், கூண்டுக் கம்பியில் உரசி நுனி நைந்துபோகும். பழுதுபார்க்க வழியில்லாததால் பறவை அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக முளைக்க வைக்கிறது. இதை லேசான காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான பறவைகளில் மொத்த இறகின் எடை எலும்புக்கூட்டின் எடையைவிட அதிகம். அந்த இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். அதிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலங்களான மெத்தியோனினும் சிஸ்டீனும் ஏராளமாக வேண்டும். கொழுப்பை மாதிரி இவற்றை உடம்பு சேர்த்து வைத்துக்கொள்ளாது. அன்றன்றைக்குத் தீனியிலிருந்து வந்தாக வேண்டும். நாட்டுக்கோழி வளர்த்தவர்களைக் கேளுங்கள், இறகு உதிர்க்கும் கோழி முட்டை போடுவதை நிறுத்திவிடும் என்பார்கள். இரண்டு வேலைக்கும் சேர்த்துச் சரக்கு போதாது, அதனால் கோழி ஒன்றைத் தள்ளிவைக்கிறது. பழைய நகரத்தில் புறா பறக்கவிடுகிறவர்களும் இந்த மாதங்களில் பந்தயத்துக்கு விடாமல் ஓய்வு கொடுத்து, தீனியை மாற்றிப் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பரம்பரையாகத் தெரிந்த இந்த விஷயம், பறவையைக் காசு கொடுத்து வாங்கும் அபார்ட்மென்ட்டுக்குள் மட்டும் வரவில்லை.

உதிர்வதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இடது இறக்கையில் ஓர் இறகு விழுந்தால், கிட்டத்தட்ட அதே சமயத்தில் வலது இறக்கையில் அதன் ஜோடியும் விழும். பறக்கும்போது ஒரு பக்கம் சாயாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. காக்கைக்குப் பெரிய இறகுகள் உள்ளிருந்து தொடங்கி நுனியை நோக்கி வரிசையாக மாறும். கிளி இனத்துக்கு அப்படி இல்லை. இறக்கையின் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் பரவும். திருநெல்வேலி கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வந்து போகும் பட்டைத்தலை வாத்து இன்னொரு வகை. வாத்துகளும் அன்னங்களும் பறக்கும் இறகுகளை ஒரேயடியாக உதிர்த்துவிட்டு, சில வாரங்கள் பறக்கவே முடியாமல் தண்ணீரை நம்பி ஒளிந்து வாழும். நம் பட்ஜிக்கு அந்த ஆபத்து இல்லை. ஒன்றிரண்டாகத்தான் உதிர்க்கும், தோல் தெரிகிற மாதிரி வழுக்கை விழாது. கூண்டின் அடித்தட்டில் தினம் பஞ்சு மாதிரி சின்ன இறகுகளும் நடுநடுவே ஒரு நீள இறகும் கிடந்தால், பறவை சாப்பிட்டுக்கொண்டு, கொஞ்சம் தூங்கிவழிந்துகொண்டு, முன்பைவிடக் கடுகடுப்பாக இருந்தால், எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஆண் பட்ஜியின் தலையை இந்த நாட்களில் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் நெற்றி மறைந்து, வெள்ளை முட்கள் குத்திட்டு நிற்கும். ஒவ்வொரு முள்ளும் மெழுகுக் குழாய் மாதிரியான உறைக்குள் சுருட்டி வைத்த ஓர் இறகு. குருத்தாக இருக்கும் வரை உள்ளே ரத்தம் ஓடும். அப்போது குருத்து கருநீலமாகத் தெரியும். இறகு வளர வளர ரத்தம் பின்வாங்கும், உறை காய்ந்து வெளுத்து, பொடிப்பொடியாக உதிரும். உடம்பில் மற்ற இடங்களில் எல்லாம் பறவை தன் அலகாலேயே உறையைக் கோதி உடைத்துக்கொள்ளும். தலையும் கழுத்தும் எட்டாது. ஜோடி இருந்தால் மற்றது செய்யும். எங்கள் பெண் பட்ஜி கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஆணின் நெற்றியில் ஒவ்வொரு முள்ளாக எடுத்து நெருடிவிடும். தனியாக இருக்கும் பறவை கம்பியில் தலையைத் தேய்க்கும். அதுவாகவே தலையைக் குனிந்து நம்மிடம் காட்டினால், வெளுத்துக் காய்ந்த உறையை மட்டும் விரல் நுனிக்குள் மெதுவாக உருட்டிவிடலாம். கருநீலக் குருத்தைத் தொடவே கூடாது. அதில் நரம்பும் ரத்தமும் இருக்கிறது, அழுத்தினால் வலிக்கும். பிடிக்கச் சம்மதிக்காத பறவையை உதவி செய்கிறேன் பேர்வழி என்று கையில் இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். அந்த நாட்களில் பல பறவைகளுக்குத் தொட்டாலே ஆகாது. அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டும்.

உதிர்ந்த வால் இறகு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலதில் குறுக்கே மெல்லிய கோடு ஓடும், அந்த இடத்தில் இறகு ஒளி ஊடுருவும் அளவுக்கு நொய்ந்திருக்கும். அது வளர்ந்த நாட்களில் பறவை பட்டினி கிடந்திருக்கிறது, அல்லது எதற்கோ அரண்டுபோயிருக்கிறது. பின்னால் இறகு முறியும்போது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் முறியும். நம் வீட்டில் பறவை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவேடு கிடையாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் விழுந்த இறகுகளை நோட்டில் ஒட்டிவைத்துத் தேதி போடச் சொல்லுங்கள். பக்கத்து உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் மழைக்காலம் முடியும் சமயத்தில் மயில்கள் தோகை உதிர்க்கும். அதைப் பொறுக்கிவந்து புத்தகத்தில் வைத்தால் குட்டி போடும் என்று நாங்கள் நம்பிய வயது உண்டு. அந்தத் தோகையும் வருஷா வருஷம் முழுசாக விழுந்து முழுசாக முளைப்பதுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பட்ஜிக்கு நாம் போடுவது தினை. இங்கே கொர்ரலு என்று கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். நம் ஊர் ராஜேந்திரநகரில்தான் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது, தினைக்குப் பஞ்சமில்லை. நல்ல தானியம்தான். ஆனால் வருஷம் முழுக்கத் தினை மட்டும் என்றால் இறகுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் போதாது, வைட்டமின் ஏ அநேகமாக இல்லை. எங்கள் வீட்டில் இறகு உதிரும் வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்து ஒரு டீஸ்பூன் வைக்கிறேன், இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். மழை நாளில் முட்டை சீக்கிரம் கெடும். மற்ற நாட்களில் முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரை, துருவிய கேரட். பறவைக்கு முட்டையா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. முட்டையே வீட்டுக்குள் வராத குடும்பங்களும் உண்டு. அவர்கள் முளைப்பயறையும் வேகவைத்த சோயாவையும் கூட்டிக்கொண்டால் போதும், யாருடைய சமையலறையையும் மாற்றச் சொல்லவில்லை. புளிச்சக்கீரை இந்த ஊரின் செல்லக் கீரை, கொங்கூரா இல்லாமல் இங்கே விருந்தே இல்லை. ஆனால் அதில் ஆக்ஸலேட் அதிகம், கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. பறவைக்குத் தினம் வேண்டாம். கூண்டில் ஒரு துண்டு கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு, எப்போதும் தொங்கட்டும். அவகாடோ, சாக்லேட், காபி பக்கமே கொண்டுபோகாதீர்கள், உயிருக்கே ஆபத்து. நான்-ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகையும் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். கூண்டு சமையலறைப் பக்கம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

குளியல் வேண்டும். தட்டையான தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஊற்றிக் காலையில் வைத்தால் போதும். தட்டைக் கண்டு பயப்படும் பட்ஜிக்குக் கொத்தமல்லிக் கட்டை நனைத்துக் கூண்டுக்குள் போடுங்கள். ஈர இலையில் புரண்டு புரண்டு எழும். உறை நெகிழ்ந்து அரிப்பு அடங்கும். மேகம் மூடிய மாலையில் மட்டும் வேண்டாம். ஈர இறகோடு இருட்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் கெட்டுப்போயிருப்பது இரவுதான். இறகு எப்போது உதிர வேண்டும் என்பதைப் பறவையின் உடல் பகலின் நீளத்தை வைத்துத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கின்படி ஹார்மோன்கள் மாறுகின்றன, தைராய்டு அதில் முக்கியமானது. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை, 1840-ல் ஜான் கூல்ட் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோனதிலிருந்து உலகம் முழுக்கக் கூண்டுக்குள் வந்தது. மழை பெய்த இடத்தைத் தேடி அலையும் நாடோடி என்பதால், காட்டில் அது வருஷம் முழுக்க மெதுமெதுவாகவே இறகு மாற்றும். ஆனால் அங்கேயும் பகல் பகலாகவும் இரவு இரவாகவும் இருக்கிறது. இங்கே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் கூண்டு. சீரியல் முடிந்து, கிரிக்கெட் முடிந்து, போன் வெளிச்சமும் அணைய நடுராத்திரி ஆகிறது. பறவை கண்ணை மூடித் தூங்கிவிட்டது, வெளிச்சம் அதை என்ன செய்யும் என்று கேட்பார்கள். பறவைகளுக்கு மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டிப் போகும் வெளிச்சத்தை அவை அறியும். கண்ணை மூடினாலும் பகல் நீண்டுகொண்டுதான் இருக்கும். இப்படி மாதக்கணக்கில் இரவு குழம்பிய பறவைக்கு உதிர்வது ஓய்வதே இல்லை. பழையது போய்க்கொண்டே இருக்கும், புதியது நொய்ந்தே முளைக்கும். பத்து, பன்னிரண்டு மணி நேர இருட்டு கொடுங்கள். ஏழரைக்கோ எட்டுக்கோ கூண்டை உள்ளறைக்கு மாற்றி, பருத்தித் துணி போர்த்தி, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். ஒரு குடும்பம் தன் பறவைக்காக இதைக்கூடச் செய்ய முடியாதென்றால், அந்தக் குடும்பம் பறவை வளர்க்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

காக்கட்டீலுக்கு மட்டும் முழு இருட்டு சரிப்படாது. நடுராத்திரியில் சின்னச் சத்தத்துக்கும் அரண்டு, கூண்டுக்குள் கண்மண் தெரியாமல் அடித்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு. ஒரு மங்கலான இரவு விளக்கு எரிந்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து அடங்கும். எங்கள் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். ஆஷாட மாதத்தில் செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயில் போனாலு வரும். அதையொட்டித் தெருத்தெருவாகத் தப்பட்டையும் தீன்மார் அடியும் ஸ்பீக்கரும். அம்மனுக்குப் பானை சுமக்கும் பெண்களோடு நானும் நடந்தவள்தான், திருவிழாவில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் பல கூண்டுகளில் குருத்து விட்டிருக்கும் நேரமும் அதேதான்.

அப்படி ஒரு போனாலு இரவில் பக்கத்து வீட்டுப் பெண் கூண்டோடு ஓடிவந்தாள். "டீச்சர், ரத்தம் நிக்கவே மாட்டேங்குது." காக்கட்டீலின் இடது இறக்கை சிவந்திருந்தது, கூண்டுத் துணியில் தெறித்திருந்தது. வெளியே ஊர்வலம் போகும்போது அரண்டு கம்பியில் மோதியிருக்கிறது. வளர்ந்துகொண்டிருந்த குருத்து ஒன்று பாதியில் முறிந்து, குழாய் உடைந்த மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. "துண்டால சுத்திப் பிடிம்மா, மாரை அழுத்தாத, அதுக்கு மூச்சு அங்கதான்" என்றேன். விளக்கைக் குறைத்துவிட்டு, முறிந்த இடத்தில் சோளமாவை அப்பி, சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரத்தம் நின்றது. எண்பது, தொண்ணூறு கிராம் எடையுள்ள பறவையின் உடம்பில் மொத்த ரத்தமே இரண்டு டீஸ்பூனுக்கு உள்ளேதான் இருக்கும். சொட்டுகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் காலை டாக்டரிடம் கொண்டுபோய், முறிந்த அடிக்குருத்தை முறைப்படி எடுக்கச் செய்தோம். அதை நாமே இழுத்துப் பிடுங்கக் கூடாது.

அந்தக் குருத்து முறிந்ததற்குத் தப்பட்டையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். விற்கும்போதே அதன் இரண்டு இறக்கையையும் கடையில் நறுக்கியிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து இறகுகள் முழுசாக இருந்தால் நடுவில் முளைக்கும் குருத்தை அவை இரண்டு புறமும் தாங்கிக்கொள்ளும். நறுக்கிய இறக்கையில் அந்தத் தாங்கல் கிடையாது. புதுக்குருத்து தனியாக நீட்டிக்கொண்டு வரும், படுகிற இடத்தில் எல்லாம் படும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பிடுங்கிய இறகு சில வாரத்தில் மறுபடி முளைக்கும். வெட்டிய இறகு முளைக்காது. அதன் அடிக்கட்டை அடுத்த உதிர்காலம் வரை சதைக்குள் அப்படியே இருக்கும். வெட்ட அரை நிமிஷம் ஆகிறது, பறவை அதைச் சரிசெய்துகொள்ள மாதங்கள், சில சமயம் ஒரு வருஷமே ஆகிறது. அப்படிக் காத்திருந்து முளைத்த இறகை, முளைத்த அன்றே மறுபடி நறுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அன்புள்ளவர்கள்தான். பறவை பறந்துபோய்விடுமே என்ற பயம்.

தெலங்கானாவில் இந்தக் கத்தரி வீட்டோடு நிற்கவில்லை. எங்கள் மாநிலப் பறவை பாலபிட்ட, தமிழில் பனங்காடை. தசராவன்று வன்னிமரப் பூஜை முடித்துப் பனங்காடையைப் பார்ப்பது இங்கே நல்ல சகுனம். வயல்வெளிக்குப் போய்ப் பார்த்த பழக்கம், நகரத்தில் பிடித்துக்கொண்டு வந்து காட்டும் வியாபாரமானது. காலைக் கட்டி, இறக்கையை நறுக்கி, சிலர் பசை தடவி, காசுக்குக் காட்டினார்கள். வனத்துறையும் தன்னார்வலர்களும் பறிமுதல் செய்தாலும் அன்றே வானத்தில் விட்டுவிட முடியாது. இறகு மாறும் வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பனங்காடையின் எண்ணிக்கை நாடெங்கும் கணிசமாகக் குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. கிளி ஜோசியக்காரரின் பச்சைக்கிளிக்கும் இதே கதைதான், அதன் இறக்கையும் நறுக்கியதுதான். பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சென்னையில் 2023-ல் ஒரு திரைநடிகர் வீட்டில் இருந்த இரண்டு கிளிகளுக்காக வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பட்ஜியும் காக்கட்டீலும் வெளிநாட்டுப் பறவைகள், வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதித்தால் இறக்கையை நறுக்கலாம் என்று ஆகிவிடாது. பறவைகளுக்கு வானத்தில் பறக்கும் உரிமை இருக்கிறது என்று 2015-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது கிளிக்கு மட்டும் பொருந்தும், காக்கட்டீலுக்குப் பொருந்தாது என்று எந்த மனசாட்சி சொல்லும்?

மருந்துப் பொட்டலத்துக்குத் திரும்புகிறேன். அந்தப் பொடி ஆன்டிபயாட்டிக் என்றால், அது இறகை முளைக்க வைக்காது. பறவையின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொல்லும். பூஞ்சைக்கு இடம் விடும். உண்மையாகவே நோய் வந்த அன்று அந்த மருந்து கேட்காமல் போகலாம். தண்ணீரில் கலந்தால் ருசி மாறி, பறவை தண்ணீரையே குறைத்துக்கொள்ளும், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள் வேறு: தோல் தெரிய வழுக்கை, பறவை தன் இறகைத் தானே பிடுங்குவது, அலகைச் சுற்றியோ காலிலோ தேன்கூடு மாதிரி செதில், முளைக்கும் இறகெல்லாம் முறுக்கிக்கொண்டோ கிள்ளிவிட்ட மாதிரியோ வருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கூண்டின் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருப்பது. கடைசி இரண்டில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பறவை நோயை மறைக்கும் பிராணி. நமக்குத் தெரியும்போது ஏற்கனவே முற்றியிருக்கும்.

ஆனால் யாரிடம் போவது? மெட்டுகுடா, சிலகல்குடா, தார்நாகா பக்கம் நான் பார்த்த கிளினிக்குகளில் நாய்க்கும் பூனைக்கும் நல்ல கவனிப்பு கிடைக்கிறது. பறவை என்றால் கை தயங்குகிறது. நாராயணகுடா கால்நடை மருத்துவமனைக்கோ ராஜேந்திரநகர் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போ என்கிறார்கள். மழையில், ஆட்டோவில், நோஞ்சான் பறவையோடு ராஜேந்திரநகர் போவது நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவது. அதனால்தான் ஜனங்கள் கடைக்காரரிடம் போகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அரசு கால்நடை மருத்துவமனைகளில் வட்டாரத்துக்கு ஒன்றிலாவது வாரத்தில் ஒரு மத்தியானம் பறவைகளுக்கென்று ஒதுக்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் தராசும் பயிற்சி பெற்ற ஒரு டாக்டரும் போதும்.

விற்கிறவர்களுக்கும் கடமை உண்டு. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. அந்தப் பதிவோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்கிறேன். இறக்கை நறுக்கிய பறவையை விற்கக் கூடாது. விற்கும் ஒவ்வொரு பறவையோடும் ஒரே ஒரு தாள், தெலுங்கிலும் உருதுவிலும், கொடுக்க வேண்டும்: இது இறகு உதிர்க்கும், அப்போது இதைச் சாப்பிடக் கொடு, இவ்வளவு நேரம் இருட்டில் வை, மருந்து போடாதே. மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு புத்தகம் வருகிறது. உயிரை வாங்கினால் பில்கூட வருவதில்லை.

கத்தரிக்கு ஆதரவாக என்னிடம் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், மின்விசிறி. ஓடும் விசிறியில் அடிபட்டுச் செத்த பறவைகள் எங்கள் தெருவிலும் உண்டு. அதற்கு வழி விசிறியை நிறுத்துவது. காலை ஒரு மணி நேரம், வெயில் ஏறும் முன்பு, ஹாலில் விசிறியை அணைத்து, சுவர்க் கண்ணாடிக்குத் துணி போட்டு, குழம்புச் சட்டியை மூடி, கதவைத் தாழிட்டுவிட்டுக் கூண்டைத் திறவுங்கள். ஒரு தினைக்கதிரைக் கையில் பிடித்துக் கூப்பிட்டால் பெரும்பாலான பறவைகள் சில வாரத்தில் கைக்கு வந்து பழகிவிடும். வராத நாளில் அதுவாகவே கூண்டுக்குத் திரும்பும், தீனி அங்கேதானே இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் காக்கட்டீலுக்கு நறுக்கிய கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்து, இரண்டு இறக்கையிலும் புது இறகு நீண்டு வருகிறது. உறை காய்ந்துவிட்டது, ரத்தம் இறங்கிவிட்டது. இப்போதே கூண்டுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறக்கையை வேகவேகமாக அடித்துப் பார்க்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா, "கொஞ்சமா நுனியை மட்டும் எடுத்துடலாமா டீச்சர்?" என்று கேட்டார். "வேண்டாங்க, ஜன்னலுக்கு வலை அடிச்சிடலாம்" என்றேன். அளவெடுத்துக்கொண்டு போன ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.